பழைய ஃபியூஸ் பெட்டிக்கு மாற்று: நான்கு வழிகளும் கேபிள் கணக்கும்

தமிழ்நாட்டில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் கட்டிய வீடுகள் பலவற்றில் இன்னமும் அதே மரப்பலகைதான். மீட்டருக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த இரும்பு மெயின் சுவிட்ச், அதன் கீழே வரிசையாக வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். அந்தப் பலகையைப் பூட்டிய நாளில் வீட்டில் இருந்தது நாலைந்து குண்டு பல்பு, மூன்று ஃபேன், ஒரு மிக்ஸி, மிஞ்சிப்போனால் ஒரு ஃபிரிட்ஜ். இன்று அதே பலகையிலிருந்து ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, மோட்டார் எல்லாம் ஓடுகின்றன. பலகையும் மாறவில்லை, அதற்குப் பின்னால் சுவருக்குள் போகும் வயரும் மாறவில்லை.

இதை மாற்றலாம் என்று இறங்குபவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. பீங்கான் கட்டைகளை அப்படியே வைத்துக்கொண்டு, சரியான ஃபியூஸ் கம்பி போட்டு, முன்னால் மின்னோட்டம் கூடினால் தானே விழுந்து லைனை அணைக்கும் எம்சிபி ஒன்றும், கரண்ட் தரைக்குக் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றும் மட்டும் சேர்ப்பது முதல் வழி. கட்டைகள் இருந்த இடத்தில் எம்சிபிகளைப் பூட்டிவிட்டுப் பழைய வயரையே தொடர்வது இரண்டாவது. லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் புது டிபி பெட்டி, மீட்டரிலிருந்து புது கேபிள், புது எர்த் என்று சிங்கிள் ஃபேஸிலேயே முழுமையாகச் செய்வது மூன்றாவது. அதையே மூன்று ஃபேஸாக மாற்றிக்கொள்வது நான்காவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் அதிகம் நடப்பது இரண்டாவது வழி. யோசிக்காமல் செய்தால் நான்கிலும் ஆபத்தானது அதுதான். உண்மையான போட்டி மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையேதான். அதை வீட்டின் லோடு தீர்மானிக்கும். கையில் பணம் இல்லாதவருக்கு முதல் வழி ஒரு நல்ல இடைக்கால ஏற்பாடு.

பீங்கான் ஃபியூஸின் நிறையும் குறையும்

பீங்கான் ஃபியூஸை ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சரியான தடிமனில் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி போட்டால் அது தன் வேலையைச் செய்யும். 5 ஆம்பியருக்கு 0.2 மி.மீ., 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ., 30 ஆம்பியருக்கு 0.85 மி.மீ. கம்பி. அதில் ஸ்பிரிங் கிடையாது, சிக்கிக்கொள்ள எந்த உறுப்பும் கிடையாது. சிக்கல் என்னவென்றால், ஃபியூஸ் போவது பெரும்பாலும் இரவில், எல்லோரும் புழுக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. அந்த நேரத்தில் சரியான கம்பியைத் தேடுபவர் குறைவு. கிடைத்த வயரை உரித்து, இழையைப் பிரித்து, முறுக்கிக் கட்டிவிடுவார்கள்.

கும்பகோணத்தில் என் அத்தை வீட்டுப் பலகையிலிருந்து ஒரு கட்டையை உருவிப் பார்த்தோம். பீங்கான் பள்ளம் முழுக்கக் கருப்புப் புகை படிந்திருந்தது. இரண்டு பித்தளை முனைகளில் ஒன்று சூட்டில் நீலம் பாரித்திருந்தது. ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இழைகளை முறுக்கிய செம்பு. இப்போது கடையில் விற்கும் 1.5 சதுர மி.மீ. வயரின் ஓர் இழை 0.3 மி.மீ. தடிமன், ஏறக்குறைய 13 ஆம்பியரில் உருகும். அப்படி மூன்றை முறுக்கினால் 40 ஆம்பியரை நெருங்கிவிடும். அந்தக் கட்டையிலிருந்து போன வயர் 3/20.

பழைய வீட்டில் வேலை செய்யும்போது இந்தப் பழைய கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 3/20 என்றால் 20ஆம் நம்பர் கம்பி மூன்று, ஏறக்குறைய 2 சதுர மி.மீ. 1/18 என்பது 1.2 சதுர மி.மீ. 7/20 என்பது 4.6 சதுர மி.மீ. இதில் சில வீடுகளில் செம்பு, சில வீடுகளில் அலுமினியம். அலுமினியமாக இருந்தால் அதே பருமனில் முக்கால் பங்கு மின்னோட்டத்தைத்தான் தாங்கும். செம்போடு நேராக முறுக்கிய இடமெல்லாம் காலப்போக்கில் அரித்துச் சூடாகும். அத்தை வீட்டு 3/20 செம்புதான். ஆனால் 40 ஆம்பியர் அந்த வயருக்குள் ஓடும்வரை ஃபியூஸ் உருகாது என்றால், உருகப்போவது வயர்தான்.

சரியான கம்பியே போட்டிருந்தாலும் இந்த வகை ஃபியூஸ் அதன் அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடினால்தான் உறுதியாகப் போகும். எம்சிபி 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். அதற்கான தரக்குறியீடு ஐஎஸ்/ஐஈசி 60898. அதனால்தான் பீங்கான் ஃபியூஸ் போட்ட லைனில் கேபிளின் தாங்குதிறனை 0.725 ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்வார்கள். 1.45ஐ 2ஆல் வகுத்தால் வரும் எண் அது. எம்சிபிக்கு மாறினால் அதே வயரை முழுத் திறனுக்குப் பயன்படுத்தலாம். எம்சிபியின் பெரிய லாபம் இதுதான். விழுந்ததைத் தூக்கிவிடும் வசதி இரண்டாம்பட்சம்.

இன்னொன்று: சில பழைய பலகைகளில் நியூட்ரலிலும் ஒரு ஃபியூஸ் கட்டை இருக்கும். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் வயர் முழுக்க மின்சாரம் இருக்கும். கரண்ட் இல்லை என்று நினைத்து ஹோல்டரில் கை வைப்பவருக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அந்தக் கட்டையை எடுத்துவிட்டு நேரடி இணைப்புக் கொடுப்பது முதல் நாளே செய்ய வேண்டிய வேலை.

எம்சிபி மட்டும் மாற்றினால்

அத்தை வீட்டுக்கு முதலில் வந்த வயர்மேன் தம்பி நல்லவர், வேலையும் சுத்தம். பலகையைப் பார்த்துவிட்டு, "கட்டைய எல்லாம் எடுத்துட்டு எம்சிபி போட்டுர்றேம்மா. 16 போட்டா அடிக்கடி விழும், 32 போட்டுர்றேன், தொந்தரவே இருக்காது" என்றார். "செலவு கம்மிதானே தம்பி, அப்படியே செஞ்சிடு" என்றார் அத்தை. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இந்த உரையாடல் இப்படித்தான் முடிந்திருக்கும்.

எம்சிபியின் அளவு அதற்குப் பின்னால் போகும் வயரைப் பார்த்து முடிவாக வேண்டும். ஓடும் சாமானைப் பார்த்தோ, விழும் தொந்தரவைப் பார்த்தோ அல்ல. 2 சதுர மி.மீ. வயருக்கு 32 ஆம்பியர் எம்சிபி போட்டால், அது 46 ஆம்பியர் வரைகூட ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கலாம். அதற்குள் வயரின் உறை இளகிவிடும். மரப்பட்டியில் ஓடும் வயராக இருந்தால் பக்கத்தில் பற்றிக்கொள்ளக் காய்ந்த மரமும் இருக்கிறது. 15 ஆம்பியர் கம்பி போட்ட பழைய ஃபியூஸ்கூட இதைவிட மேல்.

இரண்டாவது வழி எப்போதும் தப்பு என்று சொல்ல மாட்டேன். வயரை முதலில், உறையின் தடையை அளக்கும் மெகர் கருவி வைத்துச் சோதியுங்கள். எல்லா சாமான்களையும் கழற்றிவிட்டு 500 வோல்ட்டில் அளக்கும்போது ஃபேஸ், நியூட்ரல், எர்த் ஒவ்வொன்றுக்கும் இடையே 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. பல மெகாஓம் காட்டினால் உறை இன்னும் நன்றாக இருக்கிறது. 3/20க்கு 10 ஆம்பியர், நல்ல நிலையில் உள்ள 7/20க்கு 20 ஆம்பியர் என்று எம்சிபி போட்டு, முன்னால் ஆர்சிசிபியும் சேர்த்தால் விளக்கு, ஃபேன் லைன்களுக்குப் பழைய வயரே இன்னும் சில ஆண்டுகள் ஓடும். ரப்பர் உறை போட்ட மிகப் பழைய வயராக இருந்தால் மெகர் கூட வேண்டாம். ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து வயரை லேசாக வளைத்தாலே உறை பொடியாக உதிரும். அங்கே வேறு பேச்சே இல்லை, வயரிங் முழுக்க மாற்ற வேண்டியதுதான்.

எர்த் நல்லதாக இருந்தாலும் ஃபியூஸ் போகாது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நம் வீடுகளில் பொதுவாக வாசல் ஓரம் ஒரு குழி தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுக்கிறோம். மழைக்காலத்தில் நன்றாக இருக்கும்; சித்திரை வைகாசியில் மண் காய்ந்ததும் தடை ஏறும். 10 ஓம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், மோசமில்லாத எர்த்தான். கீசருக்குள் ஹீட்டர் வெடித்து ஃபேஸ் கீசரின் உலோக உடம்பில் பட்டுவிட்டது. 230 வோல்ட்டை 10 ஓமால் வகுத்தால் 23 ஆம்பியர். மின்மாற்றிப் பக்கத்துத் தடையையும் சேர்த்தால் இன்னும் குறையும். 16 ஆம்பியர் எம்சிபி 23 ஆம்பியருக்கு நிமிடக்கணக்கில், ஏன் ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளலாம். 32 ஆம்பியர் எம்சிபி விழவே விழாது. அத்தனை நேரமும் கீசரின் உடம்பு, குழாய், ஷவர் எல்லாவற்றிலும் கரண்ட் நிற்கும். எர்த் குழி இருந்தும், ஃபியூஸ் இருந்தும், எம்சிபி இருந்தும் குளியலறையில் உயிர் போவதற்கு இதுதான் காரணம்.

30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறது. எர்த் 100 ஓம் என்று மிக மோசமாக இருந்தாலும், 30 மில்லிஆம்பியர் கசியும்போது கீசரின் உடம்பில் 3 வோல்ட்தான் ஏறும். அதைத் தாண்டிக் கசிவு கூடினால் நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் லைன் துண்டிக்கப்படும். இது ஃபேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடும் கருவி. அதனால் ஒருவர் நேராக ஃபேஸைத் தொட்டு அவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போனாலும் கண்டுபிடித்துவிடும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் இரண்டு கையில் பிடித்தால் மட்டும் அதற்குத் தெரியாது. ஓவர்லோடும் ஷார்ட் சர்க்யூட்டும் அதன் வேலை இல்லை, அதற்கு எம்சிபி தனியாக வேண்டும். கடையில் இன்னும் பலர் இதை ஈஎல்சிபி என்றே கேட்பார்கள். வாங்கும்போது மேலே 30 மில்லிஆம்பியர் என்றும் ஐஎஸ் 12640 என்றும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 மில்லிஆம்பியரிலும் வரும்; அவை தீ விபத்தைத் தடுக்கத்தான், ஆளைக் காப்பாற்ற அல்ல.

எர்த் சரியாக இருக்கிறதா என்று ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பு எரித்துப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. 60 வாட் பல்பு கால் ஆம்பியர்தான் இழுக்கும். எர்த் 50 ஓம் இருந்தாலும் 13 வோல்ட்தான் குறையும். பல்பு பளிச்சென்று எரியும். அந்தச் சோதனையை நம்ப வேண்டாம், எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத பிளக்கில் நியூட்ரலையும் எர்த் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது இன்னும் மோசம். தெருவில் நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜ் கதவில் முழு வோல்ட்டேஜும் வந்து நிற்கும்.

முதல் வழியை மரியாதையாகச் சொன்னதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். பீங்கான் கட்டை நாலும் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு முன்னால் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அணைக்கும் 32 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி ஒன்றும் 40 ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் வந்துவிட்டால், உயிரைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பங்கு முடிந்துவிடுகிறது. கட்டைகளில் சரியான கம்பி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மீட்டரிலிருந்து பெட்டி வரை: எத்தனை சதுர மி.மீ.?

கேபிள் பருமனை மூன்று கேள்விகள் முடிவு செய்கின்றன: எவ்வளவு ஓடும், எவ்வளவு சூட்டில் ஓடும், எவ்வளவு தூரம் ஓடும். பெரும்பாலும் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறோம்.

அட்டவணைகளில் வரும் எண்கள் 30 டிகிரி வெப்பத்துக்கானவை. சுவரோரக் குழாயில் ஓடும் பிவிசி உறை செம்பு வயருக்கு, ஒரு ஜோடி மட்டும் ஓடினால், 1.5 சதுர மி.மீ.க்கு 17.5 ஆம்பியர், 2.5க்கு 24, 4க்கு 32, 6க்கு 41, 10க்கு 57 என்று இருக்கும். மே மாதத்தில் மேற்குப் பார்த்த சுவரில் போகும் குழாய்க்குள் 30 டிகிரி எங்கே வரும்? 45 டிகிரி என்று வைத்தால் எல்லாவற்றையும் 0.79 ஆல் பெருக்க வேண்டும். 1.5 சதுர மி.மீ. வயர் 13.8 ஆம்பியருக்கு இறங்குகிறது, ஆகவே 10 ஆம்பியர் எம்சிபி. 2.5 வயர் 19 ஆம்பியர், 16 எம்சிபி. 4 வயர் 25 ஆம்பியர், 25 எம்சிபி. 6 வயர் 32 ஆம்பியர், 32 எம்சிபி. 10 வயர் 45 ஆம்பியர், 40 எம்சிபி. வயர் தாங்குவதைவிட எம்சிபி அளவு ஒருபோதும் மேலே போகக் கூடாது என்பதுதான் இதன் சாரம்.

இதில் 6 சதுர மி.மீ. வயரைக் கவனியுங்கள். கடைக்காரர் "40 ஆம்ப்ஸ் தாங்கும் சார்" என்பார், அட்டவணையும் 41 என்கிறது. நம் ஊர் வெயிலில் அது 32 ஆம்பியர் வயர்தான். 40 ஆம்பியர் மெயின் போடுவதாக இருந்தால் 10 சதுர மி.மீ. வேண்டும்.

ஒரே குழாயில் பல லைன்களைத் திணித்தால் இன்னும் குறையும். மூன்று ஜோடி சேர்ந்து போனால் 0.7 ஆல் பெருக்க வேண்டும், 2.5 சதுர மி.மீ. வயர் 13 ஆம்பியருக்கு வந்துவிடும், 16 எம்சிபிக்குப் போதாது. ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. இழுக்கும் வழக்கம் இந்தக் கணக்கில் சரியாகப் பொருந்துகிறது: இரண்டு தள்ளுபடியும் போக 17 ஆம்பியர் மிச்சம் இருக்கும், 16 எம்சிபி தாராளம். மெயின் கேபிளையோ எந்த லைனோடும் சேர்க்காமல் தனிக் குழாயில் கொண்டுபோவதே நல்லது.

பிறகு தூரம். மீட்டர் கேட்டருகே, டிபி பெட்டி வீட்டுக்குள், நடுவில் 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 32 ஆம்பியர் ஓடும்போது 4 சதுர மி.மீ. வயரில் 8.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6ல் 5.8 வோல்ட். 10ல் 3.5 வோல்ட். வீட்டுக்குள் போகும் லைன்களிலும் இன்னும் சில வோல்ட் குறையும். மாலையில் தெருவிலேயே 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் ஊர்களில் அந்த அஞ்சாறு வோல்ட்தான் ஏசி கம்ப்ரஸர் கிளம்புவதையும் திணறுவதையும் முடிவு செய்கிறது. மீட்டரும் பெட்டியும் ஒரே சுவரின் இரு பக்கத்தில் இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

செம்பா அலுமினியமா என்ற கேள்வி நீண்ட தூரத்துக்கு மட்டும்தான். மண்ணுக்கடியில் 25, 30 மீட்டர் போக வேண்டும் என்றால் இரும்புக் கவசம் உள்ள 16 சதுர மி.மீ. அலுமினிய ஆர்மர்டு கேபிள், 10 சதுர மி.மீ. செம்புக்கு ஏறக்குறையச் சமமான தடை உடையது. விலை நன்றாகக் குறையும். இரு முனையிலும் செம்பும் அலுமினியமும் சேர்ந்த பைமெட்டல் லக் போட்டு, அழுத்தி நசுக்கி (கிரிம்ப் செய்து) இணைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அலுமினியத்தை வெறுமனே திருகுக்குள் நுழைத்து முடுக்கினால், நாளடைவில் அது நசுங்கித் தளர்ந்து அந்த இடம் சூடாகும். வீட்டுக்குள் அலுமினியமே வேண்டாம். ஐஎஸ் 694 முத்திரை உள்ள செம்பு வயர், அதிலும் தீப்பிடித்தால் புகை குறைவாக வரும் எஃப்ஆர்எல்எஸ் வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

சிங்கிள் ஃபேஸா, மூன்று ஃபேஸா?

தமிழ்நாட்டில் 4 கிலோவாட் வரைதான் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. அதற்கு மேல் மூன்று ஃபேஸ். 4 கிலோவாட் என்பது 17, 18 ஆம்பியர். ஒரு 1.5 டன் ஏசி 1.6 கிலோவாட், ஒரு கீசர் 2 கிலோவாட் என்று இரண்டையும் சேர்த்தாலே எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறோம். பழைய வீடுகளில் 1 கிலோவாட், 2 கிலோவாட் என்று எழுதி வாங்கிய இணைப்பிலேயே இத்தனையும் ஓடுகின்றன. உள்ளே பெட்டியையும் கேபிளையும் பெரிதாக்கிவிட்டு அனுமதி லோடை மட்டும் பழையபடி விட்டால், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரும் மீட்டருக்கு முன்னால் உள்ள ஈபி ஃபியூஸான கட்அவுட்டும்தான் அடுத்து சூடாகும்.

ஒரே ஒரு ஏசி, கீசர் இல்லை அல்லது காலையில் அரை மணி நேரம் மட்டும், சமையல் கேஸில் என்று இருக்கிற வீட்டுக்கு மூன்றாவது வழி போதும். 4 கிலோவாட்டாக லோடு உயர்த்தி, 32 ஆம்பியர் டபுள் போல் மெயின், 6 சதுர மி.மீ. கேபிள், தூரம் அதிகம் என்றால் 10 என்று முடித்துக்கொள்ளலாம். பெட்டி சின்னது, நியூட்ரல் சிக்கல் குறைவு, பிற்பாடு 3 கிலோவாட் சோலார் போட்டாலும் சிங்கிள் ஃபேஸிலேயே ஓடும்.

அத்தை வீட்டுக் கணக்கு வேறு. இரண்டு ஏசி 2.7, கீசர் 2, இண்டக்‌ஷன் 2, ஒரு குதிரைத்திறன் மோட்டார் 1.1, இஸ்திரிப் பெட்டி 1, மிக்ஸி, வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், விளக்கு, ஃபேன் எல்லாம் சேர்த்து 2 என்று போட்டால் 11 கிலோவாட்டை நெருங்குகிறது. ஒரே நேரத்தில் எல்லாம் ஓடாது. தீபாவளிக் காலையில் ஓடக்கூடியதைக் கூட்டினால் 7, 8 கிலோவாட். சிங்கிள் ஃபேஸில் அது 33 ஆம்பியர். மூன்று ஃபேஸில் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 11 ஆம்பியர் அளவில். 25 ஆம்பியர் நாலு போல் மெயின், 6 சதுர மி.மீ.யில் நாலு வயர் போதுமானது. செம்புச் செலவு 10 சதுர மி.மீ.யில் இரண்டு வயர் இழுப்பதைவிடக் கொஞ்சம்தான் கூடும். ஆக, கேபிள் விலை இங்கே தடையே இல்லை. பெட்டி பெரிதாகும், ஆர்சிசிபி கூடுதலாகும், ஈபியில் லோடு கட்டணம் கட்ட வேண்டும், வித்தியாசம் அங்கேதான்.

நம் ஊரில் மூன்று ஃபேஸ் கேட்பதற்கு இன்னொரு காரணம் எல்லோருக்கும் தெரியும்: ஒரு ஃபேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய பலகைகளில் இதற்காகவே ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகுவார்கள். புதுப் பெட்டியில் முறையான ஃபேஸ் செலக்டர் சுவிட்ச் வைக்க வேண்டும். அதிலும், ஒரே ஃபேஸில் எல்லாவற்றையும் தள்ளும் நேரத்தில் ஏசியையும் கீசரையும் அணைத்துவிட வேண்டும். மறந்தால் 25 ஆம்பியர் மெயின் விழும். அது விழுவது நல்லதுதான்.

மூன்று ஃபேஸின் ஒரே பயம் நியூட்ரல். அது எங்காவது விட்டுப்போனால் 230 வோல்ட் சாமான்களுக்கு 400 வோல்ட் வரை போய்ச் சேரலாம். டிவி, ஃபிரிட்ஜ், ரௌட்டர் எல்லாம் ஒரே நொடியில் போகும். அதனால் நியூட்ரல் வயர் ஃபேஸ் வயர்களின் அதே பருமனில் இருக்க வேண்டும், அதில் ஃபியூஸ் கூடாது, மெயின் நாலு போலாக இருக்க வேண்டும். கூட ஒரு ஓவர் வோல்ட்டேஜ் கட்ஆஃப் வைத்துவிட்டால் நிம்மதி. அத்தை வீட்டுக்கு நான் நான்காவது வழியைத்தான் சொன்னேன், இந்தக் கட்ஆஃபையும் சேர்த்து.

பெட்டிக்குள் எப்படிப் பிரிப்பது

வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி வைப்பது மலிவு. ஆனால் கீசரில் சின்னக் கசிவு வந்தால் வீடே இருண்டுவிடும். ஊருக்குப் போயிருக்கும்போது விழுந்தால் ஃபிரிட்ஜில் இருப்பதெல்லாம் கெட்டுப்போகும். கடைசியில் யாராவது எரிச்சலில் அதை பைபாஸ் செய்துவிடுவார்கள். நான் பார்த்த வீடுகளில் ஆர்சிசிபி பயன்படாமல் போனதற்கு இதுவே பெரிய காரணம். ஒவ்வொரு லைனுக்கும், எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்த தனி ஆர்சிபிஓ வைப்பது மிகச் சிறந்தது, ஆனால் விலை எம்சிபியைப்போல் பல மடங்கு. நடுவழி ஒன்று இருக்கிறது: தண்ணீர் புழங்கும் இடங்களான குளியலறை, சமையலறை, வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாம் ஓர் ஆர்சிசிபி, அறை விளக்கு, ஃபேன், பிளக், ஏசி இன்னொன்று, ஃபிரிட்ஜுக்கு மட்டும் தனி ஆர்சிபிஓ. மூன்று ஃபேஸில் ஃபேஸுக்கு ஒன்று என்று வைத்தால் இந்தப் பிரிவு தானாகவே வந்துவிடும். இன்வெர்ட்டர் ஏசி, புது வாஷிங் மெஷின், மின்வண்டி சார்ஜர் இருக்கும் வீட்டில் ஆர்சிசிபியில் 'AC' (மாறுதிசை மின்னோட்டம்) வகையை விட 'A' வகைதான் பொருத்தம். அந்தச் சாமான்களின் கசிவை முன்னது சரியாக உணராது.

பழைய வீட்டில் ஆர்சிசிபி பூட்டிய அன்றே விழுந்துகொண்டே இருந்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் ஓர் அறையின் ஃபேஸும் இன்னோர் அறையின் நியூட்ரலும் கலந்திருக்கும், அல்லது எங்கோ நியூட்ரல் ஈரச் சுவரில் பட்டுக்கொண்டிருக்கும். யூபிஎஸ் இன்வெர்ட்டர் லைனில் இது அதிகம். இன்வெர்ட்டருக்குப் போகும் விளக்கு, ஃபேன்களுக்குத் தனி நியூட்ரல் இழுத்தாக வேண்டும். ஒவ்வொரு லைனின் நியூட்ரலும் அதன் ஆர்சிசிபிக்கு உரிய நியூட்ரல் லிங்க்கில்தான் சேர வேண்டும். இந்த வேலைக்கு ஒரு முழு நாள் போகலாம், அந்தக் கூலியைப் பேரம் பேசாதீர்கள்.

இடி மின்னலுக்கு ஒரு டைப் 2 சர்ஜ் அரெஸ்டர், எதிர்காலத்துக்கு மூன்று நான்கு காலி இடம், காலி இடங்களை மூடும் பிளேட். அந்த பிளேட் இல்லாவிட்டால் பல்லி உள்ளே புகுந்து, எம்சிபிகளை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரில் ஒட்டிக்கொள்ளும். எம்சிபிகளுக்கு நடுவே வயர்த் துண்டுகளால் லூப் போடாமல் பஸ்பார் போடச் சொல்லுங்கள். வயர் முனைகளில் லக் அடிக்க வேண்டும்.

பணம் ஒரே தவணையில் இல்லாவிட்டால்

முதலில் எர்த்தும் ஆர்சிசிபியும். அடுத்து ஏசி, கீசருக்குத் தனி லைன், 4 சதுர மி.மீ., 16 ஆம்பியர் எம்சிபி. பழைய வயரிலிருந்து பெரிய சுமை இறங்கிவிடும். அதற்கு அடுத்துதான் புதுப் பெட்டியும் மெயின் கேபிளும். கேபிள் போடும்போது மட்டும் சிக்கனம் பார்க்காமல், பின்னாளில் மூன்று ஃபேஸ் வரலாம் என்றால் இப்போதே நாலு வயர் போகும் குழாயாகப் பதித்துவிடுங்கள். சுவரை இரண்டாம் முறை உடைக்கும் செலவு அந்தக் குழாயின் விலையைவிடப் பல மடங்கு. கடைசியாக உள்வயரிங், மழைக்காலம் முடிந்து சுவர் காய்ந்த பிறகு.

மீட்டருக்கு முன்னால் இருக்கும் கட்அவுட்டும் மீட்டர் சீலும் மின்வாரியத்துடையவை. அதை நாமோ வயர்மேனோ தொடக் கூடாது. விண்ணப்பம் கொடுத்து லைன்மேன் வந்து ஃபியூஸைப் பிடுங்கிய பிறகுதான் மெயின் கேபிள் வேலை. லோடு உயர்த்தவும் மூன்று ஃபேஸுக்கும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் வேலை முடிந்த சான்றும் சோதனை அறிக்கையும் வேண்டும். ஆகவே ஆளைத் தேடும்போதே உரிமம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

வேலை முடிந்த நாளில் கூலி கொடுப்பதற்கு முன் நாலு எண்களைத் தாளில் எழுதி வாங்குங்கள்: எர்த் எத்தனை ஓம், மெகர் எத்தனை மெகாஓம், ஆர்சிசிபி எத்தனை மில்லிஆம்பியரில் எத்தனை மில்லிசெகண்டில் விழுந்தது, எந்த எம்சிபிக்குப் பின்னால் எத்தனை சதுர மி.மீ. வயர். கடைசித் தகவலை டிபி கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை ஒருவர் வந்து "32 போட்டுர்றேம்மா" என்றால், வீட்டில் இருப்பவர்கள் கதவைத் திறந்து அந்தத் தாளைக் காட்டலாம். ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்து எல்லாத் திருகுகளையும் இன்னொரு முறை முடுக்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்குங்கள். விழவில்லை என்றால் அன்றே மாற்றிவிடுங்கள்.